ஆவுடையப்பனின் இருநூற்று இருபது வாட்ஸ்

தென்காசி எண்ணெய்க்காரத் தெருவில் மனுசருடைய கோபத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஓடிய காலம் இருந்தது. சரியாக ஒரு சாரல் பருவம், ஆனி பிறந்து ஆவணி முடிவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. இன்றைக்குப் போய் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அந்த வருசம் சாரல் நன்றாக விழுந்தது என்பார்கள், பிறகு கொஞ்சம் யோசித்து, ஆமா, அந்தக் கம்ப்யூட்டரும் நல்லாத்தான் ஓடுச்சு என்பார்கள், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் ஆவுடையப்பனுடையது. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் எண்பத்தெட்டிலிருந்து இருபது வருசத்துக்கு மேல் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணத்தை வீடியோவில் பிடிக்க வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தோளில் ஒரு பச்சைப்பிள்ளை கனத்துக்குக் கேமராவைச் சாய்த்துக்கொண்டு அவர் மணவறையைச் சுற்றி வந்தால் பெண்கள் தலைப்பூவைச் சரிசெய்வார்கள், பந்தியில் இருக்கிற ஆண்கள் மெல்லுகிற வாயை நிறுத்திவிட்டு ஏதோ யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். பிறகு கேமரா போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் வீட்டு மாடி அறையில் எண்ணூறு கேசட் மிச்சம் கிடந்தது, எண்ணூறு கல்யாணம், எண்ணூறு பந்தி, அத்தனையிலும் சாரல் ஈரம் ஏறி வெள்ளைப் பூசணம் பூத்துக்கொண்டிருந்தது.

அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற நஜ்முன்னிசாதான் வழி சொன்னாள். நாற்பது வயதுக்காரி, திருப்புளியைக் காதோரம் செருகிக்கொண்டு பேசுவாள்.

"பழைய கேசட்டைத் தொடச்சு எடுக்க சாப்ட்வேர் வந்திருக்கு அண்ணாச்சி. ஒவ்வொரு படமா பாத்து மூஞ்சிய அதுவே திருத்தும். ஆனா ஒரு கிராபிக்ஸ் கார்டு பத்தாது, ரெண்டு வேணும். ரெண்டு போட்டா அதுக்குத் தீனி போடுத பவர் சப்ளை நல்லதா வேணும். பாத்து வாங்குங்க."

கார்டு இரண்டையும் கோயம்புத்தூரில் கடையை மூடிய ஒருவரிடமிருந்து அவளே வரவழைத்துவிட்டாள். எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்கிற அந்தப் பவர் பெட்டியை மட்டும் நானே வாங்குவேன் என்று ஆவுடையப்பன் மதுரைக்குப் பஸ் ஏறினார். அவர் எந்தச் சாமானையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். கேமரா, டெக்கு, லைட்டு ஸ்டாண்டு எல்லாம் அப்படி வாங்கியவைதான், கனமானது எதுவும் அவரை ஏமாற்றியதில்லை. பெண் பார்க்க வந்தபோது மட்டும்தான் தூக்கிப் பார்க்கவில்லை என்று அவர் மனைவி பிரமு சொல்வாள். மதுரையில் ஒரு சந்துக்கடையில் பதினொரு பெட்டியை, குற்றாலத்தில் பலாப்பழம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கி, இடுப்பில் வைத்து, தட்டி, கடைசியில் எல்லாவற்றிலும் கனமானதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதன் மேல் ஆயிரம் வாட்ஸ் என்று எழுதியிருந்தது.

ஒரு கார்டைப் போட்டால் ஓடியது. இரண்டையும் போட்டால் ஒரு நிமிசத்தில் செத்தது. ஒன்பது நாள் இப்படி. பத்தாம் நாள் ஆவுடையப்பன் பெட்டி ஓரத்தில் முழங்கால் படுகிற மாதிரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தபோது, பிரமு காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரயில்வே கேட்டுல மாசானமுத்து அண்ணனைப் பாத்தேன். தலை பூராம் நரைச்சுப் போச்சு. ஒங்களக் கேட்டாவ" என்றாள்.

"அவன் எதுக்கு என்னைக் கேக்கான்" என்றார் ஆவுடையப்பன். பழைய கூட்டாளியின் பெயரைக் கேட்டதுமே அவருக்குக் காது மடல் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கம்ப்யூட்டரோ இரண்டு கார்டோடும் ஐம்பது நிமிசம் மூச்சுவிடாமல் ஓடியது.

நடந்ததைக் கேள்விப்பட்டு மறுநாள் நஜ்மு கம்பியைக் கவ்வி அளக்கிற மீட்டரோடு வந்தாள். அளந்தாள், ஆவுடையப்பனை எழுந்து நிற்கச் சொன்னாள், மெஷின் அணைந்தது. உட்காரச் சொல்லி, மாசானமுத்து பெயரைச் சொன்னாள், ஓடியது. திரும்ப அளந்தாள்.

"சொவத்துலருந்து வாரது நானூத்தி முப்பது. மெஷின் திங்கிறது அறுநூத்தி அம்பது. மிச்சம் இருநூத்தி இருவது ஒங்ககிட்டருந்து வருது அண்ணாச்சி" என்றாள், கறிக்கடையில் எடை சொல்கிற குரலில். பிறகு பவர் பெட்டியின் நாலு திருகையும் கழற்றி மூடியைத் தூக்கினாள். உள்ளே ஓரத்தில் ஒரு சிமெண்டுப் பலகை ஒட்டியிருந்தது.

"கனத்துக்கு வச்சிருக்கான். இது வீடு கட்டுததுக்கா வாங்கினிய?"

ஆவுடையப்பன் அந்தச் சிமெண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவரை முதன்முதலாகக் கனம் ஏமாற்றியிருந்தது.

ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு அன்றைக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. மாசானமுத்து மேல் அவருக்கு ஏழு மனத்தாங்கல் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் பதினொரு வருசம் கூட்டாக வீடியோ எடுத்தவர்கள், ஒருவர் கேமரா, ஒருவர் லைட்டு, ஒரே சைக்கிள், ஒரே டிபன் பாக்ஸ். பிரிந்து இருபத்தைந்து வருசமாகிறது. அந்த ஏழு மனத்தாங்கலையும் தினமும் குளிக்கும்போது ஒருதரம் வரிசையாக நினைத்துப் பார்ப்பது ஆவுடையப்பனுக்கு வழக்கம். தலையில் தண்ணீர் விழ விழ ஒன்று, இரண்டு என்று வந்துகொண்டே இருக்கும், மாசானமுத்துவின் கோணல் வகிடும் வெற்றிலைச் சிரிப்பும் கூடவே வரும். அன்றைக்கு ஆறுதான் வந்தது. செங்கோட்டையில் ஏதோ ஒன்று, குடையா டார்ச்சு லைட்டா, யாரோ எதையோ எடுத்துக்கொண்டு போனது. யோசிக்க யோசிக்க அந்த இடம் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது, அந்தச் செங்கோட்டைப் பயணத்தில் மாசானமுத்து போட்டிருந்த சட்டைகூட நினைவுக்கு வரவில்லை.

"மெஷினு எடுத்துட்டுப் போயிருச்சு" என்றார் பிரமுவிடம்.

"நல்லதுதான. எறக்கி வைங்க. எத்தன வருசமாச் சுமக்கிய."

"ஒனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஸ்டூலைத் தூக்கித் தாழ்வாரத்தில் போட்டார். அதற்குப் பிறகு அவர் அதில் உட்காரவில்லை.

ஆனால் தெரு உட்கார்ந்தது. விசயம் இரண்டு நாளில் பரவி, தங்கள் வீட்டுக் கேசட்டைச் சுத்தம்பண்ண நினைத்தவர்கள் எல்லாம், கேசட்டோடு கோபம் உள்ள ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முழங்காலைப் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொண்டு யாரை நினைக்க வேண்டுமோ அவரை நினைத்தால் போதும். நஜ்மு மீட்டரைப் பார்த்துச் சொல்லுவாள். நாத்தனார் மேல் உள்ள கோபம் எண்பது வாட்ஸ் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் காரணமில்லாமல் அடித்த வாத்தியார் மேல் உள்ளது நாற்பதுக்கு மேல் போகாது, ஆனால் நாள் முழுக்க ஏறாமல் இறங்காமல் வரும். அரசியல்வாதிகளை நினைத்தவர்கள் சத்தம்தான் நிறையப் போட்டார்கள், பதினைந்துகூடத் தேறவில்லை. பொதுச்சுவர் தகராறில் இருபது வருசமாகப் பேசாத சிவஞானமும் அவர் தம்பி சுப்பையாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்த அன்றைக்கு முந்நூற்றைம்பது வாட்ஸ் வந்து, இரண்டு கார்டின் காற்றாடியும் விசிலடித்து, ஒரே மத்தியானத்தில் நாலு கல்யாணம் முடிந்தது. எழுந்திரிக்கும்போது சிவஞானம் தம்பியைப் பார்த்து, "சாப்பிட்டியால?" என்றார். அந்தச் சுவரை மறுவாரம் இடித்துவிட்டார்கள், ஏன் கட்டினோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இப்படியே ஆடி முழுக்க நடந்தது. ஸ்டூலுக்கு ஒரு மெத்தை தைத்துப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை பெண்களுக்கு என்று ஆனது. தெருவே இளைத்துப்போன மாதிரி இலேசாகிவிட்டது; குழாயடியில் குடம் தானாக நகர்ந்தது, முடிவெட்டுகிற அந்தோணிச்சாமி கத்தரிக்கோல் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்காமல் வேலை பார்த்தார், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஐந்தே நிமிசத்தில் கமிட்டி போட்டுவிட்டு, மீதி நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கேசட் எல்லாம் நேற்று எடுத்த மாதிரி வெளியே வந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருசத்து ஜரிகை பளபளத்தது, பந்தியில் விழுந்த ஒரு சோற்றுப்பருக்கை தெரிந்தது. சாயங்காலமானால் ஆவுடையப்பன் வீட்டுக் கூடத்தில் தெரு கூடிப் பார்க்கும். அப்படி ஒருநாள் பலசரக்குக்கடை வீட்டுக் கல்யாணம் ஓடியபோது, வரிசையாக எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிற கூட்டத்தில் ஒரு பெரிய மனுசர் மட்டும் மணவறைக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. முன்னால் எல்லாம் அந்த இடம் வந்தால் ஒருவர் ஆரம்பிப்பார், இன்னொருவர் மறுப்பார், மூன்றாவது ஆள் அந்தப் பெரிய மனுசருடைய மொத்தக் கதையையும் சொல்லி முடிப்பார்.

"இவரு ஏன் திரும்பி உக்காந்திருக்காரு?" என்று பலசரக்குக்கடைக்காரர் கேட்டார். கடைக்காரருக்கு அந்தப் பெரிய மனுசர் சொந்தப் பெரியப்பா.

யாருக்கும் தெரியவில்லை. "காத்து அந்தப் பக்கம் வந்திருக்கும்" என்றார் ஒருவர். கூடம் அதை ஒத்துக்கொண்டது, அடுத்த காட்சிக்குப் போனார்கள். ஆவுடையப்பனுக்கும் அந்தக் காரணம் தெரியாது, அது அவர் கோபமில்லை. ஆனால் அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க, ஒரு மனுசர் மறுபடியும் ஒருதரம் செத்துப்போன மாதிரி அவருக்கு இருந்தது.

ஆவணி பிறந்தபோது தெருவில் கோபம் தீர்ந்துவிட்டது. பக்கத்துத் தெருவிலும் வறட்சி. அப்போது பார்த்துப் பாத்திரக்கடை செண்பகக்குற்றாலம் வந்து நின்றார். வருகிற வெள்ளிக்கிழமை அவருக்கு அறுபதாம் கல்யாணம். எண்பத்தெட்டில் நடந்த அவருடைய முதல் கல்யாணம்தான் ஆவுடையப்பனும் மாசானமுத்துவும் கூட்டாக எடுத்த முதல் கேசட். அதை மண்டபத்தில் போட்டுக் காட்ட வேண்டும். பெரிய கேசட், பூசணமும் ஜாஸ்தி, இரண்டு கார்டும் இரண்டு நாள் முழுசாக ஓடினால்தான் முடியும்.

"ஆள் கெடைக்கல அண்ணாச்சி. நீங்கதான் உக்காரணும்."

"முடியாது."

"ஊருக்கே குடுத்தாச்சு. நீங்க மட்டும் இப்படிப் பூட்டி வச்சுக்கிட்டா எப்படி? இருவத்தஞ்சு வருசச் சரக்கு. என் கல்யாணத்தப் பாத்துட்டு மிச்சமே இருக்கும்."

"கஞ்சப்பய அண்ணாச்சி நீங்க" என்று பின்னாலிருந்து சுப்பையா சிரித்துக்கொண்டே சொன்னார். அதில் கோபமில்லை, அதனால்தான் ஆவுடையப்பனுக்குக் கேட்கப் பொறுக்கவில்லை.

அன்றைக்குக் குளிக்கும்போது ஆறையும் நினைத்துப் பார்த்தார். ஆறாவது, அவருடைய அம்மா செத்ததற்கு மாசானமுத்து துட்டி கேட்டுத் துக்கம் விசாரிக்காமல் தெருமுனையோடு திரும்பிப் போனது. எல்லாவற்றுக்கும் தலையாய ஒன்று, தொண்ணூற்றொன்பதில் கடையநல்லூர்க் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் லைட்டு போன கதை. ஆயிரம் வாட்ஸ் லைட்டு இரண்டையும் ஒரே ஒயரில் மாட்டி, ஒயர் உருகி, மண்டபமே இருட்டாகி, வெளிச்சம் வந்தபோது தாலி ஏறியிருந்தது. கேசட்டில் அந்த இடத்தில் வெறும் கறுப்பு. மாட்டியது மாசானமுத்து. பெண்வீட்டுக்காரர்கள் பாய்ந்து வந்தபோது, ஆவுடைதான் மாட்டினான் என்று கையைக் காட்டியதும் மாசானமுத்து. இதைக் கொடுத்துவிட்டால் அந்தக் கை போகும், கை போனால் அதிலிருந்த மோதிரம் போகும், மோதிரம் அடகுக்குப் போய் முதல் கேமரா வந்த கதை போகும், கடைசியில் அந்த ஆளே பலசரக்குக்கடைப் பெரியப்பா மாதிரி வெறும் முதுகாகிவிடுவார். தலையைத் துவட்டாமலே நஜ்முவிடம் போனார்.

"நல்ல பெட்டி ஒண்ணு வாங்கினா ஆள் உக்காராம ஓடுமா?"

"ஓடும். சிமெண்ட் இல்லாத ஆயிரம் வாட்ஸ் வேணும். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள வரவழைக்க முடியாது. இந்த ஊர்ல ஒருத்தர்தான் மூடியத் தொறந்து உள்ள பாக்காம எதையும் விக்கமாட்டாரு." நஜ்மு திருப்புளியைக் காதோரம் செருகினாள். "ரயில்வே கேட்டுல. இன்வெர்ட்டர் கடை."

அது யார் கடை என்று ஆவுடையப்பனுக்குத் தெரியும். அந்த ஆள் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் மின்சார விசயத்தில் சாமானைக் கூட்டிச் சொல்லமாட்டான் என்பதும் தெரியும். அதைத் தெரிந்துவைத்திருப்பதும் ஒரு எரிச்சல். மாசானமுத்து மேல் உள்ள கோபத்தைக் காப்பாற்ற அவர் மாசானமுத்துவிடமே போக வேண்டியிருந்தது. சாரலில் நனைந்துகொண்டு நடந்தார்.

கடையில் மாசானமுத்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். தலை பூராவும் நரைதான், வகிடு மட்டும் அதே கோணல்.

"என்ன வேணும்?"

"பவர் சப்ளை. ரெண்டு கார்டுக்கு."

"எத்தன வாட்ஸ் கார்டு?"

"ஒண்ணு எரநூத்தம்பது."

மாசானமுத்து உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆவுடையப்பனின் கை தன்னால் போய் அதைத் தூக்கியது. பழசைவிட இலேசாக இருந்தது.

"இன்னும் தூக்கிப் பாக்குத புத்தி போகலையா ஓய்? சிமெண்ட்டு வாங்கின கத இங்க வரைக்கும் வந்துட்டு."

"பேச்சு வேண்டாம். தொறந்து காட்டும்."

மாசானமுத்து திருகைக் கழற்றி, மூடியைத் தூக்கி, திருப்புளி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். இரண்டு நரைத்த தலையும் ஒரு பெட்டிக்கு மேல் முட்டாமல் நின்றது.

"கணக்குக்கு அறுநூத்தம்பதுதான். ஆனா ரெண்டு கார்டும் ஒண்ணுபோல மூச்சிழுத்துச்சுன்னா ஒரு கணம் எண்ணூறத் தாண்டிட்டுத் திரும்பும். அந்த ஒரு கணத்துக்குத்தான் ஆயிரம் வேணும். பொறவு, கார்டுக்கு ஒரு ஒயரு. ஒரே ஒயர்ல ரெண்டு தலை இருக்கேன்னு ரெண்டையும் அதுலயே மாட்டிராதீரும். உருகிரும்."

இதைச் சொல்லிவிட்டு மாசானமுத்து திருப்புளியை மேசையில் வைத்தார்.

"அத நீரு எனக்குச் சொல்லுதீரா?" என்றார் ஆவுடையப்பன், மெதுவாக.

"நான்தான் சொல்லணும். கடையநல்லூர்ல மாட்டினது நீரு."

"நானாவே? நான் கேமராவுல கண்ண வச்சிருந்தேன். லைட்டுல நின்னது யாரு?"

"ஒயர மாட்டிட்டு, பாத்துக்கடான்னு சொல்லிட்டுப் போனது யாரு? நான் ஒரு லைட்டத்தான் மாட்டியிருந்தேன். வெளிச்சம் பத்தலன்னு ரெண்டாவத நீருதான் ஓடியாந்து செருகினீரு. பச்சச் சட்ட போட்டிருந்தீரு."

"நீலச் சட்ட."

"பச்ச."

"எங்கம்மா செத்ததுக்குத் துட்டி கேக்க வந்துட்டுத் தெருமுனையோட திரும்பினீரே, அதுக்கும் நான்தான் காரணமா?"

"முனையில நின்னு பாத்தேன். என்னைக் கண்டதும் நீரு உள்ள போயிட்டீரு. அந்தக் கெழவி கையால எத்தன நாள் சோறு தின்னிருக்கேன். வாசல்ல நிக்க விட்டீராவே?"

குரல் ஏறியது. ரயில்வே கேட் அடைத்திருந்ததால் நின்ற சைக்கிள்காரர்கள் முதலில் வந்தார்கள், கேட் திறந்த பிறகும் போகவில்லை. அந்தோணிச்சாமி கத்தரிக்கோலோடு வந்தார், துண்டு போர்த்திய, பாதி வெட்டிய தலையோடு ஒரு ஆள் அவர் பின்னால். சிவஞானமும் சுப்பையாவும் ஒரே குடையில் வந்து நின்றார்கள். யாரும் விலக்கிவிடப் போகவில்லை. இரண்டு மாதமாக அந்த ஊரில் யாரும் யாரையும் கோபமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. கச்சேரியில் உட்காருகிற மாதிரி பலகையிலும் படியிலும் உட்கார்ந்து, ஒரு பேச்சுக்கும் மறுபேச்சுக்கும் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். "பச்சச் சட்டயாத்தான் இருக்கும்" என்று பின்வரிசையில் ஒரு கிழவர் ஏக்கத்தோடு சொன்னார்.

ஆறையும் பேசி முடித்தார்கள். மாசானமுத்துவிடம் ஒன்பது இருந்தது, அதையும் பேசினார்கள். செங்கோட்டையில் எடுத்துக்கொண்டு போனது குடைதான் என்றும், எடுத்தது ஆவுடையப்பன் என்றும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆவுடையப்பனால் அதை மறுக்க முடியவில்லை, நிம்மதியாக வாங்கி வைத்துக்கொண்டார்.

மூச்சு வாங்கியபோது மாசானமுத்து பெட்டிக்கு மூடியைப் போட்டுத் திருகினார்.

"செண்பகக்குற்றாலம் எங்கிட்டயும் வந்தான்" என்றார். "காரு எடுத்துட்டு வந்தான். ஸ்டூல்ல வந்து உக்காரும், ஒம்மகிட்ட முன்னூறு வாட்ஸ் இருக்கும்னான். மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"ஒம்மளப் பத்தி எங்கிட்ட வேற என்னவே இருக்கு?"

ஆவுடையப்பன் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து வேட்டி மடிப்பில் நனையாமல் வைத்துக்கொண்டார்.

"மாட்டிப் பாத்துட்டு, எதும் கொற இருந்தா நாளைக்கு வந்து சொல்லும்" என்றார் மாசானமுத்து, பேட்டரிப் பக்கம் திரும்பிக்கொண்டு.

"ஒம்ம கடைக்கு நான் ஏன்வே வாரேன்."

"வராதீரும். பத்து மணிக்குக் கடை தொறப்பேன்."

நஜ்மு கார்டுக்கு ஒரு ஒயராகத் தனித்தனியாக மாட்டினாள். ஆள் இல்லாமல், ஸ்டூல் இல்லாமல், இரண்டு கார்டும் ஒரே சீராக ஓட ஆரம்பித்தன. திரையில் எண்பத்தெட்டாம் வருசத்து மண்டபம் பூசணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்தது. ஆவுடையப்பன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், சூடில்லை. காதை வைத்துக் கேட்டார், இரைச்சலில்லை. மீட்டரை வைத்து அளக்கச் சொன்னார், சரியாக இருந்தது. இன்னொருதரம் அளக்கச் சொன்னார். அந்தப் பெட்டியில் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மறுநாள் காலையில் வேகவேகமாகக் குளித்துவிட்டு, ஏன் ஒரு குறையும் இல்லை என்று கேட்டுவிட்டு வருவதற்காக ஒன்பதரைக்கே கிளம்பினார்.